முகமறிதலை முகத்தின் உடற்கூற்றிலிருந்து கற்பிக்கலாமா?

தலவாக்கலை அறிவியல்

அனைவருக்கும் வணக்கம். பத்தாம், பதினோராம் தர மாணவர்கள் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் காலம் இது. ஸ்டூடியோவில் எடுக்கும் படம் கணினி வழியாகவே ஆட்பதிவுத் திணைக்களத்துக்குச் செல்வதால், சிரிக்கக் கூடாது, தலையைச் சாய்க்கக் கூடாது, முகத்தில் நிழல் விழக் கூடாது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லி அனுப்புகிறார்கள். அதன் காரணத்தைப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். எனவே எங்கள் விஞ்ஞான மன்றத்தில் இம்முறை முகமறிதலையும் உயிரளவியலையும் (உடற்கூறுகளை அளந்து ஆளை இனங்காணும் முறை) எடுத்துக்கொள்ள எண்ணியிருக்கிறேன்.

என் திட்டம் இது: முதலில் மண்டையோடு, பிறகு முகத் தசைகள், பிறகு முகத்தில் புள்ளிகளைக் குறித்து அளத்தல், கடைசியில் இயந்திரம் அந்த அளவுகளைக் கொண்டு ஆளை இனங்காணும் விதம். எங்களிடம் இயங்கும் நிலையில் ஒரு கணினிதான் உண்டு. மழை பெய்தால் இணையமும் இல்லை. ஆகையால் பெரும்பகுதி கடதாசியிலும் கையாலும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். கண்ணுக்குக் கண் உள்ள தூரம், மூக்கின் அகலம், தாடையின் நீளம் என முகத்தின் எண்பது புள்ளிகளை இயந்திரம் அளக்கிறது என்று ஒரு துண்டுப்பிரசுரத்தில் படித்தேன். அதை அப்படியே சொல்லிக் கொடுக்கலாமா? இந்த வரிசை சரிதானா?

பதுளை உயிரியல்

டீச்சர், வரிசை மிகவும் சரி. மண்டையோட்டில் என்புகள் 22. மூளையைச் சூழ்ந்திருப்பவை 8, முகத்துக்குரியவை 14. இந்தப் பெயர்களை எல்லாம் பிள்ளைகள் மனனம் செய்ய வேண்டியதில்லை. முகத்தில் எது அசையும், எது அசையாது என்பதைத் தங்கள் விரலால் தொட்டு அறிந்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

பல்லை இறுகக் கடித்தபடி தாடையின் மூலையில் விரலை வைத்தால் ஒரு தசை திரண்டு எழும். நெற்றிப்பொட்டில் வைத்தால் இன்னொன்று எழும். இவை மெல்லும் தசைகள். இவற்றை இயக்குவது ஐந்தாம் மண்டை நரம்பு. அடுத்து, பல்லைக் கடிக்காமல் புன்னகைக்கச் சொல்லுங்கள். இப்போது அசைபவை முகபாவத் தசைகள். இவற்றை ஏழாம் மண்டை நரம்பு இயக்குகிறது. கை கால் தசைகள் என்பிலிருந்து தொடங்கி என்பிலேயே முடிகின்றன. முகபாவத் தசைகளில் பெரும்பாலானவை தோலில் முடிகின்றன. அதனால்தான் ஒரு சிறு சுருக்கம்கூட முகத்தின் மேற்பரப்பையே மாற்றிவிடுகிறது. ஸ்டூடியோக்காரர் சிரிக்க வேண்டாம் என்று சொல்வதன் உடற்கூற்றுக் காரணம் இதுதான்: சிரிக்கும்போது வாயின் ஓரங்கள் மேலும் பக்கவாட்டிலும் இழுபடுகின்றன, கன்னம் மேலேறுகிறது, கண் சுருங்குகிறது, மூக்கின் அடிப்பகுதிகூட விரிகிறது.

இத்தனை அசைவுக்கு நடுவிலும் கண்ணின் உள்மூலை ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். இமைகளின் உள்முனையில் உள்ள இணைப்பு நார் மூக்கின் பக்கவாட்டு என்பில் நேரடியாகப் பற்றியிருப்பதே அதற்குக் காரணம். மூக்கின் மேற்பகுதியும் அப்படியே, அது என்பு. கீழ்ப்பகுதி கசியிழையம் (குருத்தெலும்பு), நுனியைப் பிடித்து ஆட்டினால் ஆடும், பாலத்தைப் பிடித்தால் ஆடாது. முகத்தில் உறுதியான புள்ளிகளைத் தேடுபவர் எங்கே தேட வேண்டும் என்பதைப் பிள்ளைகளே இதிலிருந்து சொல்லிவிடுவார்கள்.

காலம் செய்யும் மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூளைப் பெட்டி சிறு வயதிலேயே பெரும்பாலும் வளர்ந்து முடிந்துவிடுகிறது. முக என்புகள், குறிப்பாகக் கீழ்த்தாடை, பதின்பருவத்தின் பிற்பகுதி வரை வளர்கின்றன. ஆறாம் வகுப்புப் படத்தில் உள்ள பிள்ளையைப் பதினோராம் வகுப்பில் இயந்திரம் தவறவிடுவதற்கு இது பெரிய காரணம். முதுமையிலோ பற்கள் விழுந்தால் அவற்றைத் தாங்கிய தாடையென்பின் விளிம்பு கரைகிறது. மூக்குக்கும் நாடிக்கும் இடையிலான உயரம் குறைகிறது. வெற்றிலை போட்டுப் பல் இழந்த பாட்டிமார் இல்லாத லயம் (தோட்டக் குடியிருப்பு வரிசை) நம்மிடம் கிடையாது. அவர்களின் பழைய அட்டைப் படத்துக்கும் இன்றைய முகத்துக்கும் உள்ள வேறுபாட்டில் என்பு மாற்றமும் அடங்கியிருக்கிறது.

ஹட்டன் மென்பொருள்

பதுளை உயிரியல் எழுதியது அத்தனையும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் டீச்சரின் திட்டத்தில் கடைசிப் படியை மாற்றியாக வேண்டும் என்பது என் கருத்து. எண்பது புள்ளிக் கதையைத் தயவுசெய்து கற்பிக்க வேண்டாம். அது இன்றைய இயந்திரத்தின் விவரிப்பு அன்று. ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முந்திய எண்ணத்தின் எச்சம்.

1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வுடி பிளெட்சோ என்பவர், புகைப்படத்தில் கண்மணி, கண் ஓரம், வாய் ஓரம் போன்ற புள்ளிகளை மனிதர்களே கையால் குறித்துக் கொடுக்க, அவற்றிலிருந்து இருபது தூரங்களைக் கணினி கணக்கிட்டு ஒப்பிடும் முறையைச் செய்து பார்த்தார். தலை திரும்பினாலோ, ஒளி மாறினாலோ, முகபாவமோ வயதோ மாறினாலோ அந்தத் தூரங்கள் குலைந்துவிடுகின்றன என்பது அவருக்கே அப்போது தெரிந்திருந்தது. 1973இல் கியோட்டோவில் தகெயோ கனாடே புள்ளிகளைக் கணினியே தேடும்படி செய்தார். 1991இல் மாத்யூ டர்க், அலெக்ஸ் பென்ட்லண்ட் இருவரும் தூரங்களை விட்டுவிட்டு, முழு முகப் படத்தையும் எண்களின் தொகுதியாக எடுத்து, முகங்கள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வாறு மாறுபடுகின்றன என்பதன் முதன்மைத் திசைகளைக் கண்டெடுத்தார்கள். படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று விரைவாகக் கண்டுபிடிக்கும் வழியை 2001இல் வயோலாவும் ஜோன்ஸும் தந்தார்கள். நமது கமராக்களில் முகத்தைச் சுற்றித் தோன்றும் சதுரம் அவ்வழியில் வந்தது. 2014இல் ஃபேஸ்புக்கின் டீப்ஃபேஸ், 2015இல் கூகுளின் ஃபேஸ்நெட் ஆகியவற்றுக்குப் பிறகு ஆழ்நரம்பு வலையமைப்புகளே (எடுத்துக்காட்டுகளிலிருந்து தாமே கற்கும் கணினி முறைகள்) எங்கும் வந்துவிட்டன.

இன்று நடப்பது நான்கு வேலைகள். படத்தில் முகத்தைக் கண்டறிதல். சில புள்ளிகளைக் கொண்டு அதை நிமிர்த்தி நேராக்குதல். நேராக்கிய படத்தை ஓர் எண்வரிசையாக மாற்றுதல். அந்த வரிசை சேமித்து வைத்த வரிசைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்த்தல். ஃபேஸ்நெட்டில் அந்த வரிசை 128 எண்களைக் கொண்டது. அவற்றில் எந்த எண்ணுக்கும் மூக்கின் அகலம் என்றோ தாடையின் நீளம் என்றோ பெயர் கிடையாது. ஒரே ஆளின் படங்கள் அருகருகே வரவேண்டும், வேறு ஆளின் படங்கள் விலக வேண்டும் என்ற ஒரே கட்டளையின் கீழ் கோடிக்கணக்கான படங்களில் பயிற்றப்பட்டு, அந்த எண்களை இயந்திரம் தானே அமைத்துக்கொண்டது.

உடற்கூறு நேரடியாக வருவது இரண்டாம் வேலையில். அங்கே பரவலாகப் பயன்படும் ஒரு மாதிரியில் 68 புள்ளிகள் உள்ளன: தாடை ஓரத்தில் 17, புருவங்களில் 10, மூக்கில் 9, கண்களில் 12, வாயில் 20. ஆனால் அவற்றின் வேலை படத்தை நிமிர்த்துவதுடன் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மண்டையோட்டில் தொடங்கினால், இயந்திரம் என்பைப் பார்க்கிறது என்ற எண்ணத்துடன் பிள்ளைகள் வீடு போய்விடுவார்களோ என்பதுதான் என் அச்சம்.

பதுளை உயிரியல்

ஹட்டன் சேர், உங்கள் அச்சம் நியாயமானது. என்றாலும் என்பை விட்டுவிட்டு 128 எண்களில் தொடங்கினால் பிள்ளைகளுக்குக் கிடைப்பது மந்திரவாதம். இயந்திரம் எதைப் பார்க்கிறது என்று சொல்ல உடற்கூறு போதாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். இயந்திரம் எங்கே தவறும், ஏன் தவறும் என்று சொல்ல அதைவிட நல்ல கருவி பாடசாலையில் இல்லை என்பது என் வாதம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆப்பிள் நிறுவனம் 2017இல் கொண்டுவந்த முகத் திறப்பு வசதி, கண்ணுக்குத் தெரியாத 30,000க்கு மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி அதன் மேடுபள்ளத்தை வரைகிறது. தற்செயலாக ஒரு வேற்றாள் அதைத் திறந்துவிடும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று என்று சொல்லும் அதே நிறுவனம், இரட்டையர்களுக்கும் உருவொத்த உடன்பிறப்புகளுக்கும் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது என்றும் சொல்லிவிடுகிறது. பிள்ளைகளின் தனித்த முகக்கூறுகள் முழுமையாக உருவாகியிருக்காது என்பதே காரணம். முக என்புகள் எப்போது வளர்ந்து முடிகின்றன என்று படித்த மாணவருக்கு அந்த விதிவிலக்கு புரியும். படிக்காதவர் அதை நிறுவனத்தின் தப்பித்தல் வாசகமாகத்தான் எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று முகவாதம். குளிர்காற்றுப் பட்டு வாய் கோணிவிட்டது என்று நம் ஊரில் சொல்வார்கள். காரணம் எதுவாயினும், ஏழாம் மண்டை நரம்பு ஒரு பக்கத்தில் செயலிழக்கும்போது அந்தப் பக்கத்து இமை மூடாது, வாய் ஓரம் தொங்கும். என்பு ஒன்றுகூட நகர்ந்திருக்காது, முகமோ மாறிவிட்டது. பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். அதற்கிடையில் அவர் ஓர் இயந்திரத்தின் முன் நின்றால் என்ன நடக்கும் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நல்ல விவாதம் எழும்.

மூன்றாவதாகத் தூரம். கமரா மூக்கு நுனியிலிருந்து 30 சென்றிமீற்றரில் இருக்கிறது என்று கொள்வோம். காது அதற்குப் பின்னால் ஏறத்தாழ 12 சென்றிமீற்றரில் இருந்தால், மூக்கு காதை விட 42/30, அதாவது 1.4 மடங்கு பெரிதாக்கப்படும். அதே கமராவை ஒன்றரை மீற்றருக்கு நகர்த்தினால் விகிதம் 162/150, ஏறக்குறைய 1.08 தான். கையை நீட்டி எடுத்த தற்படத்தில் மூக்கு பெருத்தும் காது ஒளிந்தும் தெரிவது இதனால்தான். அளவுகோல் கொண்டு படத்தில் அளப்பது எவ்வளவு ஏமாற்றும் என்று காட்ட இதைவிட எளிய பயிற்சி எனக்குத் தெரியவில்லை. கணினியும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

பண்டாரவளைக் கணக்கு

இரண்டு பேரும் முகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கடைசி வேலையான ஒப்பீட்டை ஒருவரும் விரித்துச் சொல்லவில்லை. பிள்ளைகள் பின்னாளில் ஓர் அலுவலகத்தின் கருவி முன் நிற்கும்போது அவர்களைப் பாதிக்கப்போவது அதுவே.

இயந்திரம் ஆம், இல்லை என்று சொல்வதில்லை. இரண்டு எண்வரிசைகளுக்கு இடையிலான நெருக்கத்தை ஒரு பெறுமானமாகத் தருகிறது. எந்தப் பெறுமானத்துக்கு மேல் ஒரே ஆள் என்று கொள்வது என்ற எல்லையை ஒரு மனிதர் வைக்கிறார். எல்லையை உயர்த்தினால் வேற்றாள் நுழைவது குறையும். உரியவரே திருப்பி அனுப்பப்படுவது கூடும். தாழ்த்தினால் மறுதலை. இரண்டையும் ஒரேயடியாகக் குறைக்க எல்லையை நகர்த்துவதால் முடியாது. நல்ல படமோ நல்ல முறையோ வேண்டும்.

அடுத்து, ஒருவருடன் ஒருவரை ஒப்பிடுவதும் ஒருவரை எல்லோருடனும் ஒப்பிடுவதும் வேறு வேறு காரியங்கள் என்பதைக் கட்டாயம் பிரித்துக் காட்டுங்கள். தொலைபேசியைத் திறப்பது முதல் வகை. கூட்டத்தில் ஓர் ஆளைத் தேடுவது இரண்டாம் வகை. தவறான பொருத்தம் பத்தாயிரத்தில் ஒன்று என்றால் யாருக்கும் திருப்தியாக இருக்கும். 600 மாணவர் உள்ள பாடசாலையின் வாசலில் ஒரு வெளியாள் நிற்கிறார், அவருடைய முகம் 600 முகங்களுடனும் ஒப்பிடப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் யாரோ ஒரு மாணவராகத் தவறாகக் கொள்ளப்படும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 6. அந்த 600 பேருக்குள்ளேயே இணைகள் 1,79,700. எனவே ஏறத்தாழ 18 இணைகள் ஒருவரை ஒருவராகக் குழப்பப்படலாம். இது பதினோராம் தரப் பிள்ளைகள் தாமே போடக்கூடிய கணக்கு. உடன்பிறப்புகளும் ஒன்றுவிட்டவர்களும் ஒரே பாடசாலையில் படிக்கும் நம் தோட்டங்களில், எல்லா இணைகளும் சம வாய்ப்புள்ளவை என்ற இந்தக் கணக்கின் எடுகோளே பிழைத்துவிடும் என்பதையும் அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

வகுப்பில் செய்வதற்கு என் யோசனை: பன்னிரண்டு கற்பனை முகங்களைக் கோட்டோவியமாக வரைந்து, அவற்றில் ஆறைச் சிறிது மாற்றி மறுபடி வரையுங்கள். கண்களின் உள்மூலைத் தூரத்தால் மூக்கின் நீளத்தையும் வாயின் அகலத்தையும் வகுத்து ஒவ்வொரு முகத்துக்கும் இரண்டு விகிதங்களைப் பெற்று, வரைபுத் தாளில் புள்ளிகளாக இடச் சொல்லுங்கள். மில்லிமீற்றரில் நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஓவியத்தின் பருமன் மாறினால் எல்லாம் மாறிவிடும். பிறகு ஒவ்வொரு குழுவும் தனக்கென ஓர் எல்லையைத் தெரிந்து, எத்தனை பேரைத் தவறாக ஏற்றது, எத்தனை பேரைத் தவறாக மறுத்தது என்று எண்ணட்டும். ஹட்டன் சேரின் 128 எண்களும் இதே மாதிரியான வரைபுதான், இரண்டு திசைகளுக்குப் பதிலாக 128 திசைகள் என்று அப்போது சொன்னால் போதும்.

ஹட்டன் மென்பொருள்

கணக்கு சேரின் பயிற்சியில் ஒரு திருத்தம். ஓவியங்களில் சிலவற்றை வாய் மலர்ந்தும் சிலவற்றைத் தலை திரும்பியும் வரைந்தால், கையால் தெரிந்தெடுத்த அளவுகள் ஏன் கைவிடப்பட்டன என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள். அப்படிச் செய்வதாக இருந்தால் மண்டையோட்டிலிருந்து தொடங்குவதற்கு எனக்கு மறுப்பில்லை.

பழைய துண்டு

நான் வரலாறு கற்பிப்பவன். உங்கள் தலைப்புக்குள் எங்கள் பாட்டன்மாரும் வருகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

உடலை அளந்து ஆளை இனங்காணும் முறையை முதலில் ஒழுங்குபடுத்தியவர் பாரிஸ் பொலிஸில் எழுத்தராக இருந்த அல்போன்ஸ் பெர்ட்டியோன். 1880களின் தொடக்கத்தில் அவர் தலையின் நீள அகலம், வலது காதின் நீளம், இடது பாதம், இடது நடுவிரல் எனப் பதினோர் அளவுகளை எடுத்து அட்டையில் பதிந்தார். வளர்ந்த ஆளின் என்பு மாறாது என்பதே அவருடைய அடிப்படை; பதுளை உயிரியல் சொன்னதன் பழைய வடிவம். ஆனால் அளப்பவரின் கை மாறினால் அளவும் மாறியது. அதை வென்றது கைவிரல் அடையாளம். அந்த வெற்றியின் பெரும்பகுதி லண்டனில் அன்று, வங்காளத்தில் நிகழ்ந்தது. 1858இல் அங்கே வில்லியம் ஹேர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி ஓர் ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் கைவிரல் அடையாளப் பணியகம் திறக்கப்பட்டது. எட்வேர்ட் ஹென்றியின் பெயரால் உலகெங்கும் பரவிய வகைப்படுத்தல் முறையை உருவாக்குவதில் அஸிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு வங்காள அலுவலர்களின் பங்கு பெரியது.

நம்முடைய பக்கத்துக்கு வருவோம். தென்னிந்தியாவின் மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளி எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பது அவர் கழுத்தில் தொங்கிய தகரத் துண்டின் எண்ணில் இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும். அம்முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட இம்மக்கள், தாங்கள் யார் என்று நிரூபிக்கக் காகிதம் தேடிய காலம் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டது. அடையாளம் காணும் கருவியை யார் கையில் வைத்திருக்கிறார், யாரைக் காண்பதற்காக வைத்திருக்கிறார் என்ற கேள்வி நம் பிள்ளைகளுக்குப் புத்தகத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய ஒன்றன்று. ஒரு பாடவேளையை அதற்கு ஒதுக்குங்கள்.

தலவாக்கலை அறிவியல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. ஒன்று, கறுத்த முகங்களை இயந்திரம் சரியாகப் பார்ப்பதில்லை என்று மாணவர்கள் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார்கள்; அது எவ்வளவு தூரம் உண்மை? மற்றது, கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலுடன் பாட்டி ஓர் அலுவலகத்தில் கருவியின் மேல் விரலை வைத்து வைத்துப் பார்த்தும் ஏற்கவில்லை என்று ஒரு மாணவி சொன்னாள். முகம் என்றால் அந்தச் சிக்கல் இராது அல்லவா?

ஹட்டன் மென்பொருள்

முதற் கேள்வியில் இரண்டு வேறு ஆய்வுகள் அடிக்கடி ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. 2018இல் ஜோய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வு, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று ஊகிக்கும் வணிக மென்பொருள்களைப் பற்றியது. வெளிர்நிற ஆண்களில் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களில் 34.7 சதவீதம் வரை. இது ஆளை இனங்காணல் அன்று. இனங்காணலைப் பற்றி அமெரிக்காவின் தேசிய நியமங்கள் தொழில்நுட்ப நிறுவனம் 2019 டிசம்பரில் 189 மென்பொருள்களைச் சோதித்து அறிக்கை தந்தது. ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுவதில், ஆபிரிக்க, கிழக்காசிய முகங்களுக்குத் தவறான பொருத்தம் பல மென்பொருள்களில் 10 முதல் 100 மடங்கு வரை கூடியிருந்தது. ஆசிய நாடுகளில் உருவான சிலவற்றில் ஆசிய முகங்களுக்கும் வெள்ளையர் முகங்களுக்கும் இடையே அந்த வேறுபாடு பெரிதாக இல்லை. பயிற்சிப் படங்கள் எங்கிருந்து வந்தன என்பதன் பங்கு இதில் இருக்கக்கூடும். ஆகவே தோல் நிறத்தில் ஏதோ குறை இருப்பதாகப் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. எதைக் கொண்டு பயிற்றினார்கள், எந்த ஒளியில் எடுத்தார்கள், எல்லையை எங்கே வைத்தார்கள் என்று கேட்கப் பழக்க வேண்டும்.

நம் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தில் முகத்துக்குப் பூசும் சாயத்தை வைத்து ஒரு சோதனை செய்யலாம். புருவம், கண்ணிமை, மூக்கின் பாலம் ஆகியவற்றின் ஒளி நிழல் ஒழுங்கைச் சாயம் குலைத்தால், பழைய கண்டறியும் முறைகள் முகம் இருப்பதையே தவறவிடும். என்பு அப்படியே இருக்க, மேற்பரப்பின் ஒளிதான் கமராவுக்குக் கிடைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. கூத்துக் கலைஞர் ஒருவர் விரும்பி வந்தால் மட்டும் செய்யுங்கள்.

பதுளை உயிரியல்

இரண்டாம் கேள்விக்கு நான் சொல்கிறேன். விரல் ரேகையின் அமைப்பு தாய் வயிற்றிலேயே, மேற்றோலுக்கு அடியில் உள்ள படையில் உருவாகிவிடுகிறது. வேலை தேய்ப்பது மேற்றோலின் மேடுகளை. சிறிது காலம் ஓய்வு கிடைத்தால் அதே ரேகை மீண்டும் எழும். ஆனால் நாள்தோறும் மலைக்குப் போகிறவருக்கு அந்த ஓய்வு எங்கே? கொழுந்தின் சாறும் வெடிப்பும் சேர்ந்து கருவிக்குத் தெளிவான கோடு கிடைக்காமல் போகிறது. வயது ஏற ஏறத் தோலின் நீர்த்தன்மை குறைவதும் இதற்கு ஒரு காரணம்.

முகத்துக்கு மாறினால் சிக்கல் தீர்ந்துவிடாது, டீச்சர். பல் விழுந்த தாடை, தொங்கிய இமை, பனிக்காலத்தில் காதையும் நெற்றியையும் மூடிய கம்பளித் தொப்பி என்று வேறு சிக்கல்கள் வரும். கண்ணின் கதிராளி (கண்மணியைச் சூழ்ந்த நிற வளையம்) மிக நிலையானது என்பார்கள். கேம்பிரிட்ஜில் ஜோன் டோக்மன் 1990களில் அமைத்த முறை அதை 2,048 பிட்டுகளாகக் குறித்தது. அதிலும் வெண்புரை சத்திரசிகிச்சையும் சரியாகத் திறக்காத இமையும் தடையாகலாம். இந்தியாவின் ஆதார் பத்து விரல், இரு கதிராளி, முகம் ஆகிய மூன்றையும் சேர்த்து வாங்குவது ஒன்று தவறினால் மற்றொன்று கைகொடுக்கட்டும் என்பதனாலும்தான். பாட்டியின் விரலை ஏற்காத இடத்தில் வேறு வழி இருந்ததா என்று மாணவி விசாரித்து வரட்டும். எனக்கு அதுவே பாடத்தின் சிறந்த பகுதியாகப் படுகிறது.

மஸ்கெலியா அம்மா

நான் ஆசிரியை இல்லை, சட்டப் படிப்பை முடித்த ஒரு பெற்றோர். முதலில் ஒரு வேண்டுகோள்: மாணவர்களின் முகங்களைத் தொலைபேசியில் படமெடுத்து, இலவசச் செயலி எதிலும் ஏற்ற வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஓர் ஆளைத் தனித்து இனங்காண்பதற்கான உயிரளவியல் தரவையும் பிள்ளைகள் தொடர்பான தரவையும் விசேட வகைத் தரவாகக் கொள்கிறது. இங்கே இரண்டும் ஒன்றாக வருகின்றன. சட்டத்தை விடுங்கள், கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம், பதினைந்து வயதுப் பிள்ளை தன் முகத்தை எப்படி மாற்றும்?

அடுத்தது இதைவிட முக்கியம். பிள்ளைகளின் முகத்தை வகுப்பில் அளந்து கரும்பலகையில் எழுதாதீர்கள். உதடு பிளந்து பிறந்து சத்திரசிகிச்சை செய்த பிள்ளை இருக்கும். தீக்காயம் பட்ட பிள்ளை இருக்கும். சராசரி மூக்கு, சராசரி தாடை என்று ஓர் எண் பலகையில் வந்தவுடன் அதிலிருந்து விலகியவர் யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். முகத்தை அளந்து குணத்தையும் அறிவையும் சொல்லலாம் என்ற பழைய பொய்யும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே வரும்.

பண்டாரவளைக் கணக்கு

அம்மா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். நான் ஓவியங்களைச் சொன்னதற்கும் அதுவே காரணம். உண்மையான முகம் ஒன்று வேண்டுமென்றால் ஆசிரியர் தம்முடைய முகத்தைக் கொடுக்கலாம்.

பதுளை உயிரியல்

தொட்டு அறியும் பயிற்சியை ஒவ்வொருவரும் தம் முகத்தில் தாமே செய்யட்டும். அங்கே எண் எதுவும் எழுதப்படுவதில்லை. மண்டையோட்டு மாதிரி இல்லாவிட்டால் கடதாசிக் கூழால் செய்யலாம். கீழ்த்தாடையை மட்டும் தனியாகச் செய்து, கம்பியால் அசையும்படி பொருத்துங்கள். கட்குழிகள் தலையின் உயரத்தில் ஏறக்குறைய நடுவில் வர வேண்டும். பிள்ளைகள் எப்போதும் கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள்.

தலவாக்கலை அறிவியல்

அப்படியானால் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். தொட்டு அறிதலும் கூழ் மண்டையோடும் முதல் நாள். கமராத் தூரமும் கோட்டோவியங்களும் அடுத்த நாள். எல்லைப் பெறுமானத்தையும் 600 பேர் கணக்கையும் கணித ஆசிரியருடன் சேர்ந்து மூன்றாம் நாள். தகரத் துண்டும் பாட்டியின் விரலும் நான்காம் நாள். எண்பது புள்ளிகளை நீக்கிவிட்டேன். காமன் கூத்துச் சோதனையை இந்தத் தவணையில் செய்ய மாட்டேன்; கலைஞர்களிடம் முதலில் பேச வேண்டும். பண்டாரவளை சேர், பன்னிரண்டு ஓவியங்களையும் நீங்களே வரைந்து அனுப்ப முடியுமா? எங்கள் பாடசாலையில் சித்திர ஆசிரியர் இல்லை.

பண்டாரவளைக் கணக்கு

அனுப்புகிறேன், டீச்சர். ஒரு பிரதியில் விடைகள் இருக்கும். அதைப் பிள்ளைகள் எல்லையைத் தீர்மானித்து முடிக்கும் வரை காட்டாதீர்கள். இரண்டு ஓவியங்களை அக்கா தங்கை போல ஒத்திருக்கும்படி வரைகிறேன். அந்த இணையை ஏற்காமலும் மற்றவர்களைத் திருப்பி அனுப்பாமலும் ஓர் எல்லையை எந்தக் குழுவாவது கண்டுபிடித்தால் இங்கே எழுதுங்கள்.